ஒரு டம்ளர் பிளெண்டர்: இரண்டு கோடைக்குப் பிறகு

வீட்டில் 750 வாட்ஸ் மிக்சி இருக்கும்போது எதற்கு இந்தச் சின்ன பர்சனல் பிளெண்டர் என்று கேட்டால், என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்: கழுவுகிற வேலை. ஸ்மூத்தி உடம்புக்கு நல்லதா, எடை குறையுமா, முகம் பளபளக்குமா என்பதெல்லாம் அப்புறம். காலையில் ஒரு ஆள் ஒரு டம்ளர் குடிப்பதற்கு மிக்சியை எடுத்தால் ஜார், மூடி, வாஷர், ஊற்றிக் குடிக்கிற டம்ளர் என்று சிங்க்கில் நாலு சாமான் விழும். அதிலும் நேற்று பூண்டு அரைத்த ஜாராக இருந்தால் மாம்பழத்தில் பூண்டு வாசனை வரும், எவ்வளவு தேய்த்தாலும் வரும். பர்சனல் பிளெண்டரில் அரைக்கிற கப்பே குடிக்கிற கப். பிளேடைக் கழற்றிக் குழாயடியில் காட்டினால் முடிந்தது. இரண்டு கோடை தாண்டியும் இது பரணுக்குப் போகாமல் மேடையிலேயே இருக்கிறதென்றால் அதற்கு இதுதான் காரணம்.

நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் அஞ்சு மணிக்கெல்லாம் சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் இட்லி ஊற்றச் சொல்லி யாரையும் எழுப்ப மனசு வராது. கேண்டீனில் டிபன் எட்டு மணிக்குத்தான். வெறும் டீயோடு அதுவரை நிற்க என் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் வாங்கினேன்.

என்னுடையது பிளக்கில் சொருகி ஓடுகிற வகை, 400 வாட்ஸ். இரண்டு கப், சிலுவை மாதிரி நாலு முனை உள்ள ஒரு பிளேடு. கப்பை நிரப்பி, பிளேடை மூடி போலத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து மோட்டார் மேல் வைத்து அழுத்தித் திருப்ப வேண்டும். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: ஒரு தடவைக்கு முழுசாக ஒரு நிமிடம் ஓட்டினாலும் 150 தடவைக்கு ஒரு யூனிட்தான் ஆகும்.

வாட்ஸ் குறைவாக இருந்தும் இது எப்படி நன்றாக அரைக்கிறது என்று சிலர் கேட்டார்கள். மிக்சியின் பெரிய ஜாரில் ஒரு டம்ளர் அளவு போட்டால் முதல் சுற்றிலேயே பாதி பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், பிளேடு காற்றில் சுற்றும். இங்கே கப் குறுகல், அளவும் சின்னது. உள்ளே இருப்பதற்குப் போக வேறு இடமில்லை, திரும்பத் திரும்பப் பிளேடிலேயே வந்து விழும். ஆனால் இதிலும் ரொம்பக் கெட்டியாகப் போட்டால் பிளேடைச் சுற்றி ஒரு காற்றுக் குமிழ் உண்டாகிவிடும். அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கலாம்: மோட்டார் சத்தம் சட்டென்று கீச்சென ஏறும். உடனே நிறுத்தி, கப்பைக் கழற்றி இரண்டு குலுக்கு குலுக்கி, ஒரு மடக்கு பாலோ தண்ணீரோ சேர்த்து மறுபடி வைக்க வேண்டும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் சூடாகும். பெரும்பாலான மாடல்களில் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள் என்று போட்டிருப்பார்கள். அதை மதியுங்கள்.

போடுகிற வரிசையும் முக்கியம். சத்துமாவு, கொக்கோ மாதிரிப் பொடியை முதலில் கொட்டினால் அது கப்பின் அடியில் உட்காரும். கவிழ்த்தால் அந்த அடிதான் உச்சி. பால் அங்கே சரியாக ஏறாது, கடைசி மடக்கில் காய்ந்த மாவு வாயில் வந்து அடைக்கும். முதலில் கொஞ்சம் பால், அதன் மேல் பழம், பொடி நடுவில், மீதிப் பால் கடைசியில் என்று போட்டால் பிரச்சினை இல்லை. அளவுக் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. சூடான எதையும் போடவே கூடாது. மூடிய கப்புக்குள் ஆவியின் அழுத்தம் ஏறினால் திறக்கும்போது முகத்தில்தான் அடிக்கும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் அம்மா கோபித்துக்கொள்வார்கள். விளம்பரத்தில் என்ன சொன்னாலும் இது மிக்சியை விட அமைதி எல்லாம் கிடையாது. முதல் வாரத்தில் அம்மா எழுந்து வந்து, “இன்னா நைனா, விடியறதுக்குள்ள போர் போட ஆரம்பிச்சிட்டியா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இப்போது சமையலறைக் கதவைச் சாத்தி, அடியில் ஒரு துணியை நாலாக மடித்துப் போட்டு, அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். துணி மோட்டாரின் காற்றுத் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, என்ன குடிக்கிறேன்? அதிக நாட்கள் மல்லாட்டையும் (வேர்க்கடலை) வாழைப்பழமும்தான். வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை ஒரு கைப்பிடியை இரவே தண்ணீரில் போட்டுவிடுவேன். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, காய்ச்சி ஆறிய பால், இரண்டு ஏலக்கி வாழைப்பழம், கொட்டை எடுத்த பேரீச்சை இரண்டு. ஊறாத கடலையைப் போட்டால் இந்தப் பிளேடு அதைப் பொடிக்குமே தவிர விழுதாக்காது, தொண்டையில் நறநறவென்று இருக்கும். ஊறினதென்றால் பாலே கெட்டியாகி, உணவக மில்க்‌ஷேக் தோற்றுப் போகும். பதினோரு மணி வரை பசி எடுக்காது. நேதாஜி மார்க்கெட் பக்கம் போனால் வாழைப்பழத்தைத் தேர்ந்துதான் வாங்குகிறேன். பூவனில் ஒரு புளிப்பு இருக்கிறது, பாலோடு சேராது. ரஸ்தாளி மணமாக இருக்கும், ஆனால் சில பழங்களின் நடுவில் கல் மாதிரிக் கெட்டி இருக்கும், அது அரையாமல் துண்டு துண்டாக மிதக்கும். ஏலக்கி கிடைக்காவிட்டால் மோரிஸ் போதும்.

சித்திரை, வைகாசி மாம்பழக் காலம். குடியாத்தம் பக்கத்திலிருந்தும் சித்தூர் பக்கத்திலிருந்தும் வந்து குவிகிற நேரத்தில் வேறு எதையும் நினைக்கத் தோன்றாது. பங்கனப்பள்ளியில் நார் குறைவு, அதனால் இந்தச் சின்னப் பிளேடுக்கு ரொம்பப் பொருத்தம். நாட்டு மாம்பழம் போட்டால் நார் பிளேடு அடியில் சுற்றிக்கொள்ளும், அதைக் கையால் பிடித்து இழுக்க வேண்டும், பிளேடு கூர்மை, ஜாக்கிரதை. ஐஸ் கட்டி போடுவதை நான் விட்டுவிட்டேன். பழத்தையே துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்தால் வேலூர் வெயிலுக்குத் தேவையான குளிர்ச்சி அதிலேயே வந்துவிடும், தண்ணீர் விட்டுப் போகாது. ஃபிரீசரிலிருந்து எடுத்து அஞ்சு நிமிடம் வெளியே வைத்துவிட்டு அரைத்தால் பிளேடுக்கும் நல்லது.

சப்போட்டாவில் கொட்டை ஒன்று தப்பினாலும் கப் முழுக்கக் கசப்பு. கொய்யா போட்டால் வடிகட்டத்தான் வேண்டும், வடிகட்டி ஒன்று கூடுதலாகக் கழுவ வேண்டும், அதனால் கொய்யாவைக் கடித்தே தின்றுவிடுகிறேன். பப்பாளியும் பாலும் அரைத்த உடனே குடித்தால் அருமை. மூடி போட்டு எடுத்துப் போய் எட்டு மணிக்குக் குடித்தால் கசக்கும். பப்பாளியில் உள்ள பப்பெய்ன் என்ற நொதி பால் புரதத்தை உடைப்பதால் வருகிற கசப்பு அது. அன்னாசியிலும் இதே வேலையைச் செய்கிற ஒரு நொதி உண்டு. இரண்டையும் தண்ணீரிலோ இளநீரிலோ அரைத்துக்கொள்ளலாம்.

வாழைப்பழத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெர்ரிப் பழங்களில் இருக்கிற ஃபிளவனால் என்ற சத்து, வாழைப்பழம் சேர்த்த ஸ்மூத்தியில் உடம்புக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேர்ந்தது தெரிந்தது. வெட்டிய வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கிற அதே நொதிதான் காரணம். ஃபிளவனாலுக்காகவே குடிக்கிறவர்கள் வாழைப்பழத்தைத் தனியாகச் சாப்பிடலாம். நான் பசிக்குக் குடிக்கிறவன், எனக்கு இது பொருட்டில்லை.

இந்த பிளெண்டரை வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டது பழத்தால் இல்லை, கூழால். ஆடி மாதம் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், தூக்கு நிறைய வந்து சேரும். மறுநாள் காலையில் அது களி மாதிரி இறுகி, கையால் எவ்வளவு கரைத்தாலும் உருண்டை உருண்டையாக நிற்கும். ஒரு கரண்டி கூழ், முக்கால் கப் மோர், உப்பு போட்டு இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு அழுத்தினால் பட்டுப் போல வருகிறது. வெங்காயமும் பச்சைமிளகாயும் அரைத்த பிறகு மேலே தூவ வேண்டும், சேர்த்து அரைத்தால் வெங்காயம் காட்டமாகிவிடும். அம்மாவுக்கு மட்டும் இதில் ஒரு குறை. “நொய் தட்டுப்படாத கூழ் இன்னா கூழ்?” என்பார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு அழுத்து, அதோடு நிறுத்திவிடுவேன். கெட்டித் தயிரைப் போட்டு ரொம்ப நேரம் ஓட்டினால் வெண்ணெய் திரண்டு பிளேடில் ஒட்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவகையில் லாபம்தான், ஆனால் கழுவ எரிச்சல்.

அம்மா பல் பிடுங்கிக்கொண்ட வாரம் முழுக்க இந்த கப்தான் ஓடியது. ஆறவைத்த பருப்பு சாதம், கேழ்வரகுக் கஞ்சி, ஆப்பிள் வேகவைத்தது. அந்த ஒரு வாரத்துக்காகவே கொடுத்த காசு செரித்துவிட்டது என்று என் மனைவி சொல்கிறாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் மாம்பழக் கப் அவர்கள் பக்கம் போகாது. வடிகட்டாமல் அரைப்பதால் நார் அப்படியே இருக்கிறது, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. மென்று தின்றால் பத்து நிமிடம் ஆகிற இரண்டு பழம் இங்கே அரை நிமிடத்தில் உள்ளே போகிறது. தேனும் வெல்லமும் சேர்ப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம்: உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், இப்படிக் கூடுதலாகச் சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்கிறது. அந்த 5 சதவீதம் பெரியவர்களுக்கு நாளைக்கு ஆறு டீஸ்பூன் வாக்கில் வரும். தேனும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி குறைகள். எங்கள் வீட்டில் குடிக்கக் காவிரித் தண்ணீர், கழுவப் போர் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகம். சில மாதங்களிலேயே கப் உள்பக்கம் வெள்ளைப் படலம் பிடித்து மங்கிவிட்டது. சாறு பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கால் மணி நேரம் விட்டுக் கழுவினால் போகிறது. கீறல் விழுந்த இடம் மட்டும் தெளிவாகாது, கம்பி நார் போட்டால் அதுதான் கதி.

இதைவிடப் பெரிய தலைவலி வாஷர். பிளேடுக்கும் கப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த ரப்பர் வளையத்தை ஊசி முனையால் நெம்பி எடுத்துப் பார்த்தால், அடியில் பழுப்பாக ஒரு பிசுக்கு தெரியும். வாரம் ஒருமுறையாவது எடுத்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கப்பைத் திறக்கும்போதே புளிச்ச வாடை வரும். நாளாக ஆக வாஷர் தளர்ந்து, கவிழ்த்த கப்பிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மோட்டார் பக்கம் இறங்கியது. கப்பின் விளிம்பில் இருக்கிற மூன்று சின்னக் காதுகள் போய் அழுத்துகிற ஸ்விட்சுகள் அங்கேதான் இருக்கின்றன. பால் காய்ந்து அதில் ஒன்று சிக்கிக்கொண்டதும் மிஷின் ஒருநாள் ஓடவே இல்லை. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வாஷர் மட்டும் தனியாக வராது, பிளேடு செட்டாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் இப்போது ஸ்டாக் இல்லை என்றார்கள். லாங்கு பஜார் பக்கம் மிக்சி ரிப்பேர் பார்க்கிற ஒருவர், “மோட்டாருக்கு ஒண்ணும் ஆவல சார், பாலு காஞ்சி புடிச்சிக்கினு கீது” என்று ஈரப் பஞ்சால் துடைத்து ஓட்டிக் காட்டினார். அளவுக்குக் கிட்டத்தில் ஒரு வாஷரையும் டப்பாவில் தேடி எடுத்து மாட்டிவிட்டார். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

சார்ஜ் போட்டு ஓட்டுகிற வகையும் வீட்டில் ஒன்று இருக்கிறது, காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணுக்கு வாங்கியது. கனிந்த வாழைப்பழம், பால், ஊறின ஓட்ஸ் வரை தாராளமாக அரைக்கும். ஃபிரீசர் துண்டு ஒன்று பிளேடுக்கு அடியில் மாட்டினால் அப்படியே நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலேயே கரண்ட் நிறுத்துகிற நாளில் மட்டும் அதன் அருமை தெரியும். வீட்டுக்கென்று ஒன்றுதான் வாங்குவதானால் பிளக் வகையே என் சிபாரிசு.

மூன்று பேருக்கு மேல் தினமும் குடிக்கிற வீடு என்றால் இது வேண்டாம், கப் கப்பாகப் போட்டுக்கொண்டு நிற்பதற்குள் மிக்சி ஜாரில் ஒரே வேலையாக முடிந்துவிடும். சட்னி அரைக்கவும் நம்பி வாங்காதீர்கள், தேங்காய்ச் சில்லு இதில் விழுதாகாது. என்னைப் போல ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவர்கள், பல் சரியில்லாத பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்காரர்கள் வாங்கலாம். கடையில் வாட்ஸ் எவ்வளவு என்று கேட்பதோடு, வாஷரும் கூடுதல் கப்பும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் அன்றைக்கே இரண்டு வாஷர் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.