நாலாவது ஆக்சிஸ் வாங்கப் போகிறவர்களுக்கு: இண்டெக்சிங் டெமோவைப் பார்த்து முழுப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

மூன்று ஆக்சிஸ் (எக்ஸ், ஒய், இசட்) சிஎன்சி மில்லிங் மெஷினில், ஜாபைச் சுற்றுகிற ரோட்டரி டேபிளை நாலாவது ஆக்சிஸாக (ஏ) பூட்டித் தருகிறோம், செட்டிங்கும் போஸ்ட் ப்ராசஸரும் (டூல் போகும் பாதையை மெஷினுக்குப் புரியும் ப்ரோகிராமாக மாற்றும் மென்பொருள்; சுருக்கமாக போஸ்ட்) எங்கள் பொறுப்பு என்று யாராவது வந்தால், டெமோவில் எந்த வேலையை ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று முதலில் கவனியுங்கள். எங்களை ஏமாற்றியது அந்த டெமோதான்.

எங்கள் வேலை பேரல் கேம்: காடிக்குள் ஒரு ரோலரை ஓட்டி, அதை இங்கும் அங்கும் நகர்த்தும் உருளை. 60 மி.மீ விட்டமுள்ள உருளையை முழுதாகச் சுற்றி, வலது இடமாக வளைந்து வரும் காடி. டேபிள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எக்ஸும் நகர்ந்தாக வேண்டும். டிராயிங்கைக் கையில் கொடுத்துத்தான் கேட்டோம். "தாராளமா ஓட்டலாம் சார், முழு நாலு ஆக்சிஸ், புது டேபிள், பேக்லாஷே கிடையாது" என்றார்கள். பேக்லாஷ் என்றால் கியர் பற்களுக்கு நடுவே இருக்கும் லூஸ் ஆட்டம்.

டெமோவில் ஓட்டியது ஒரு அறுகோணம். 60 டிகிரி திருப்பு, பிரேக் போடு, ஒரு பக்கத்தைச் சீவு, பிரேக்கை விடு, மறுபடி திருப்பு. இது வெறும் இண்டெக்சிங். எப்போதும் ஒரே திசையில் திரும்பி, வெட்டும் நேரத்தில் பிரேக்கில் இறுகி நிற்கிற டேபிளில் வாம் கியர் (டேபிளைச் சுற்றும் பல்சக்கரம்) எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தெரியாது. அளவு அழகாக வந்தது. பணம் கைமாறியது.

எங்கள் ஜாபை ஏற்றியதும் சாயம் வெளுத்தது. தொடர்ந்து சுற்றி வெட்டும்போது பிரேக் போட முடியாது. டேபிளின் ஆட்டம் முழுவதும் காடியின் சுவரில் விழுந்தது. சென்டரிலிருந்து 100 மி.மீ தள்ளி டயல் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து, கையால் இரு பக்கமும் அசைத்துப் பார்த்தோம்: 0.17 மி.மீ. ஏறக்குறைய 0.1 டிகிரி. எங்கள் உருளையின் மேற்பரப்பில் அது 0.05 மி.மீ, ரோலர் தட்டிக்கொண்டு ஓட அதுவே போதும். மூடியைக் கழற்றினால் பல்லெல்லாம் தேய்ந்து கிடக்கிறது. பழைய டேபிளுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

போஸ்ட் விஷயம் இதைவிட மோசம். மூன்று ஆக்சிஸ் போஸ்டில் ஏ என்ற எழுத்தை மட்டும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஜி94 என்ற கட்டளையில், ஏ ஆக்சிஸ் மட்டும் நகரும் வரியில் எங்கள் கன்ட்ரோலர் ஃபீடை (நகரும் வேகம், ப்ரோகிராமில் எஃப்) நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு டிகிரியும் ஒரு மில்லிமீட்டரும் சமமாவது 114.6 மி.மீ விட்டத்தில் மட்டுமே. அதைவிடச் சின்ன விட்டத்தில் டூல் மெதுவாகப் போகும், பெரிய விட்டத்தில் வேகமாகப் பாயும். 60 மி.மீ-இல் எஃப்200 என்று போட்டால் கிடைப்பது நிமிடத்துக்குச் சுமார் 105 மி.மீ-தான். டூல் வெட்டாமல் உரசியது, முனை கருகியது. இதற்குத்தான் ஜி93 இருக்கிறது: ஒவ்வொரு வரியையும் எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்று போஸ்டே கணக்குப் போட்டு, வரிக்கு வரி எஃப் கொடுக்கும். அவர்கள் கொடுத்த போஸ்டில் அது அறவே இல்லை. கேட்டதற்கு, "உங்க ப்ரோகிராமருக்கு ஃபீட் போடத் தெரியல" என்று பதில். பதினைந்து வருடமாக மெஷின் ஓட்டுகிற மனிதரைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

360 டிகிரியைத் தாண்டும் இடத்தையும் யாரும் பார்க்கவில்லை. 359.9-க்கு அடுத்த வரியில் 0.1 என்று வந்ததும், டூல் காடிக்குள் இருக்கும்போதே டேபிள் ஒரு முழுச் சுற்று பின்னால் ஓடியது. கட்டர் முறிந்தது, ஜாப் போனது. போஸ்டைத் திருத்த வேண்டுமானால் தனிக் கட்டணமாம்.

டேபிள் சுழலும் சென்டரையும் அவர்கள் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு துண்டில் இசட் 10-இல் (சென்டரிலிருந்து 10 மி.மீ உயரத்தில்) ஒரு பக்கம் சீவி, 180 டிகிரி திருப்பி மறுபக்கமும் அதே இசட்டில் சீவுங்கள். கனம் 20.00 வர வேண்டும். எங்களுக்கு வந்தது 20.10, அதாவது இசட் சென்டர் 0.05 தள்ளியிருந்தது.

டெமோவுக்கு உங்கள் ஜாபையே கொடுங்கள். பிரேக்கைத் தளர்த்திவிட்டு டயல் வைத்துப் பாருங்கள். ஏ ஆக்சிஸ் இரு திசையிலும் திரும்புகிற, 360-ஐத் தாண்டுகிற ப்ரோகிராமை, அவர்கள் தரும் போஸ்டிலேயே எடுத்து, உங்கள் மெஷினில், உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். எல்லா ஆக்சிஸையும் சேர்த்து நகர்த்தும் வசதி உங்கள் கன்ட்ரோலரில் திறந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். சில கன்ட்ரோலர்களில் அது தனியாக வாங்க வேண்டிய ஆப்ஷன். அந்த ஜாப் அளவில் வந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

பேசியதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் 'ரோட்டரி டேபிள், உதிரிகளுடன்' என்று மட்டும் இருக்கிறது. தொடர்ந்து சுற்றி வெட்டும் என்றோ, புதுசு என்றோ ஒரு வார்த்தை இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் அந்த வரியைத்தான் காட்டுகிறார்கள்.