சுலைமானியா விமான நிலையம்: டிக்கெட் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இராக்கின் குர்திஸ்தான் பகுதிக்கு விமானத்தில் போக இரண்டு வாசல்கள்தான் பெரிதாகப் புழக்கத்தில் இருக்கின்றன: எர்பில், சுலைமானியா. இந்த மதிப்புரை இரண்டாவதைப் பற்றியது. 2005இல் திறந்த நிலையம், நகரிலிருந்து சுமார் 15 கி.மீ. ஓடுபாதை 3,500 மீட்டர், எந்தப் பெரிய விமானத்துக்கும் போதும். முனையம் சிறியது, நடை குறைவு. கட்டடத்தைக் குறை சொல்ல அதிகமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நிலையம் பெயருக்கு எர்பிலில் உள்ள குர்திஸ்தான் பிராந்திய அரசுக்குக் கீழ்ப்பட்டது. ஆனால் சுலைமானியாவின் பாதுகாப்பு முழுக்கத் தலபானி குடும்பத்தின் குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியம் கையில். எர்பிலும் தொஹூக்கும் பர்சானி குடும்பத்தின் ஜனநாயகக் கட்சி கையில். 1994 முதல் 1998 வரை இந்த இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. 1998 செப்டம்பரில் வாஷிங்டனில் உடன்பாடு, 2006இல் இரு நிர்வாகங்களும் ஒன்றாயின. காகிதத்தில் ஒன்றாயின என்பதே சரி. குர்துகளின் படையான பெஷ்மெர்காவில் இன்றும் 70ஆம் அணி ஒன்றியத்துக்கு, 80ஆம் அணி ஜனநாயகக் கட்சிக்கு என்றுதான் மக்கள் பிரித்துப் பேசுகிறார்கள். கட்சி நிறத்தை வைத்து எர்பில் பக்கத்தை மஞ்சள் மண்டலம் என்றும், சுலைமானியா பக்கத்தைப் பச்சை மண்டலம் என்றும் சொல்வார்கள். (பாக்தாத்தின் பச்சை மண்டலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்தப் பிளவு பயணியின் டிக்கெட்டில் எப்படி இறங்குகிறது என்பதற்கு 2023 போதும். ஜனநாயகக் கட்சி துருக்கியோடு நெருக்கம். ஒன்றியத்தின் தலைவர் பஃபெல் தலபானியோ, துருக்கி எதிரியாகக் கருதும் சிரியக் குர்துப் படைகளோடு நெருக்கம். அந்த ஆண்டு மார்ச்சில் தொஹூக் மாகாணத்தில் ஹெலிகாப்டர்கள் விழுந்து, சுலைமானியாவுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் படையினர் இறந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் துருக்கி, இந்த நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. சொன்ன காரணம், துருக்கி அரசோடு பல பத்தாண்டுகள் ஆயுதமேந்திப் போரிட்ட குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி நிலையத்துக்குள் ஊடுருவிவிட்டது என்பது. ஏப்ரல் 7 அன்று, சிரியக் குர்துத் தளபதி மஸ்லூம் அப்தி அருகில் இருந்தபோது நிலையத்தை ஒட்டி ட்ரோன் தாக்குதலும் நடந்தது. எர்பில் அரசு பழியை நிலையத்தின் பாதுகாப்பை வைத்திருப்பவர்கள் மேல் போட்டது. தடை 2025 அக்டோபரில்தான் நீங்கியது. இரண்டரை ஆண்டுகள்! சிகிச்சைக்காக இஸ்தான்புல் போகும் நோயாளிகள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் ஒவ்வொருவரும் வேறு நிலையம் தேடி அலைய வேண்டியிருந்ததை மன்னிக்க முடியவில்லை.

2017 அடைப்பு வேறு வகை. குர்திஸ்தான் தனிநாடாக வேண்டுமா என்று நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, செப்டம்பர் 29 முதல் மறு ஆண்டு மார்ச் வரை பாக்தாத்திலுள்ள மத்திய அரசு இரண்டு நிலையங்களின் பன்னாட்டுச் சேவையையும் நிறுத்தியது. அப்போது எர்பிலுக்கு மாறியும் பயனில்லை.

ஒன்றியத்துக்குள் நடக்கும் சண்டையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதன் நிறுவனர் ஜலால் தலபானி 2017இல் மறைந்தபின், அவர் மகன் பஃபெலும் உறவினர் லாஹூர் ஷேக் ஜங்கியும் 2020இல் இணைத் தலைவர்கள் ஆனார்கள்; 2021இல் லாஹூர் ஓரங்கட்டப்பட்டார். 2025 ஆகஸ்ட் 22 விடியுமுன் லாலேசார் ஓட்டலில் அவரைக் கைது செய்யப் போனபோது நகருக்குள்ளேயே மணிக்கணக்கில் துப்பாக்கிச் சண்டை. அப்படிப்பட்ட இரவில் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பினாலும் நீங்கள் நிலையத்தை எட்ட முடியாது. இரு கட்சிகளுக்கும் இடையிலும் இழுபறிதான். 2024 அக்டோபரில் நடந்த பிராந்திய நாடாளுமன்றத் தேர்தலில் 100 இடங்களில் ஜனநாயகக் கட்சி 39, ஒன்றியம் 23 பெற்றன. ஓராண்டு கடந்தும் புதிய அமைச்சரவை அமையவில்லை.

ஆகவே சுலைமானியாவுக்கு டிக்கெட் போடுவதானால், பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் போடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் எர்பில் விமானங்களையும் ஒருமுறை பார்த்து வையுங்கள். மாற வேண்டி வந்தால் சாலையில் சுமார் 200 கி.மீ., மூன்று மணி நேரம். இடையில் சோதனைச் சாவடிகள். எர்பிலில் வழியனுப்ப வருபவர்கள் முதன்மை முனையம் வரை வர முடியாது. வெளி மண்டபத்தில் இறங்கிப் பேருந்தில் உள்ளே போக வேண்டும். எனவே விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்னதாகச் சுலைமானியாவை விட்டால்தான் நிம்மதி.

வழியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பங்கு டாக்சிகள் சமதளம் என்பதால் கிர்குக் வழியை விரும்பும். கிர்குக் 2017 அக்டோபரிலிருந்து பாக்தாத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிராந்திய அரசின் விசா அங்கே செல்லாது. சாவடியில் இறக்கிவிட்டால் விமானம் போனதுதான். கோயா, டூகான் ஊர்கள் வழியாகப் போனால் பிராந்தியத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. பேரம் பேசும்போதே, பெட்டியை ஏற்றுமுன், "கோயா, டூகான் வழி" என்று ஓட்டுநரிடம் சொல்லி, அவர் வாயால் ஒப்புக்கொண்ட பிறகு உட்காருங்கள்.