தங்கச்சிக்கு வாங்கிய பழைய திங்க்பேட் டி480

தங்கச்சி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்ததும் முதல் செலவு லேப்டாப். இங்கே சிங்கப்பூரில் 800 வெள்ளிக்குள் புதிதாகப் பார்த்தவற்றில் பெரும்பாலும் 8 ஜிபி ரேம்தான், அதுவும் போர்டோடு பற்றவைத்தது, பிறகு கூட்ட வழியில்லை. கணினிக் கண்காட்சியில் ஒருவர் கேமிங் லேப்டாப் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார். இரண்டரைக் கிலோ, சார்ஜர் மட்டுமே செங்கல் சைஸ். காலை நெரிசலில் அதைச் சுமந்துகொண்டு எம்ஆர்டி ரயிலில் நிற்கப்போவது அவரா? மேக்புக் ஆசையும் இருந்தது, இயந்திர பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும் என்றதும் அவளே விட்டுவிட்டாள்.

கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில் ரிஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்பது) லெனோவோ திங்க்பேட் டி480, 380 வெள்ளி. 2018 மாடல். பழசுதான், ஆனால் 8ஆம் தலைமுறை ஐ5 என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். இதற்கு முந்தைய டி470 இன்னும் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அடிமூடியைக் கழற்றினால் இரண்டு ரேம் ஸ்லாட். வீட்டில் கிடந்த பழைய மெஷினிலிருந்து ஒரு 8 ஜிபியைப் பிடுங்கி மாட்டி 16 ஆக்கிவிட்டேன்.

வரைபட மென்பொருள் ஆட்டோகேட் தாராளமாக ஓடுகிறது (மாணவர்களுக்கு இலவசம், காசு கொடுத்துவிடாதீர்கள்). சாலிட்வொர்க்ஸில் சின்ன அசெம்பிளி (பல பாகங்களைச் சேர்த்த மாடல்) வரை சரி, பாகங்கள் கூடினால் மாடலைத் திருப்பும்போது இழுக்கிறது, தனி கிராஃபிக்ஸ் கிடையாதே. ரெண்டரிங் (மாடலை நிஜப் படம்போல் ஆக்குவது) செய்பவர்கள் வேறு பாருங்கள். திரை மங்கல். இதே மாடல் 1366க்கு 768 திரையோடும் வந்தது, அதில் இந்த வரைபடங்களை வரைவது கண்ணுக்குத் தண்டனை, ஃபுல் எச்டிதானா என்று பார்த்து வாங்குங்கள். கீபோர்டு மட்டும், அடடா, என் புது லேப்டாப்பைவிட நன்றாக இருக்கிறது.

ஒரே கடுப்பு பேட்டரி. புதுசு மாதிரி என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார், வீட்டுக்கு வந்து விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் கழற்றி மாட்டும் வெளி பேட்டரியில் பாதிகூட மிச்சமில்லை. திரும்பப் போனால் பழைய பொருள் அப்படித்தான் இருக்கும் என்றார். இங்கே லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) பழைய பொருளுக்கும் உண்டே என்று மெதுவாகச் சொன்னேன், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வேறு ஒன்று எடுத்துக் கொடுத்தார். இந்த முறை கடையிலேயே மாட்டி, ரிப்போர்ட் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். உள்ளே இன்னொரு பேட்டரி இருப்பதால் லேப்டாப்பை அணைக்காமலே மாற்றிவிடலாம், அவருக்கே அது தெரியவில்லை.