மழைக்காலம் முடிந்து கேம்பர் டிரெய்லரை வெளியே எடுத்தல்: ஒரு கடலூர்க்காரரின் அனுபவம்

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் எங்கள் கேம்பர் டிரெய்லரோடு வந்த கையேட்டில் உறைபனிக்கு மட்டும் ஏழெட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு முன் தண்ணீர்க் குழாய்களில் உறைதடுப்புத் திரவம் ஊற்ற வேண்டும், வசந்தத்தில் அதை அலசி வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் உறைந்த தண்ணீர் விரிந்து குழாயைப் பிளந்துவிடும் என்று படம் போட்டு விளக்குகிறார்கள். குளிர் நாட்டில் அது சரிதான். திருப்பாதிரிப்புலியூரில் தண்ணீர் என்றைக்கு உறைந்தது? இங்கே டிரெய்லரைத் தின்பவை உப்புக் காற்றும், ஈரமும், அவற்றோடு குடியேறும் பூச்சிகளும். அவற்றுக்குக் கையேட்டில் அரைப் பக்கம்கூட இல்லை.

கடலூருக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதனால் ஐப்பசி பிறக்கும்போது டிரெய்லரை ஓரங்கட்டி, தை பிறந்ததும் வெளியே எடுப்பது எங்கள் வழக்கம். இரண்டு பேர் படுக்கும் சிறிய ரகம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும். வாங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சாலையில் அது எனக்குப் பெரிய தொல்லை எதுவும் தந்ததில்லை. பழுது என்று வந்ததெல்லாம் நிறுத்தி வைத்த மாதங்களில் வந்ததுதான்.

நிறுத்தும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூரை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், மேடும் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீர் ஏறினால், சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங் வீண். எங்கள் டிரெய்லர் நெல்லிக்குப்பம் பக்கம் மைத்துனர் வீட்டு நெல் கொட்டகையில், நான்கு மூலையிலும் முட்டுக் கொடுத்து நிற்கிறது. மாமியார் மட்டும் ஆண்டுதோறும் கேட்பார்: "மாப்பிள்ளை, இந்தத் தகரப் பெட்டி எங்கள் கொட்டகையை எப்போது காலி செய்யும்?"

வெளியே எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது கேஸ். ஒரு தை மாதம் அடுப்பைப் பற்ற வைத்தபோது தீ நீலமாக எரியாமல் மஞ்சளாகப் படபடத்தது. பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தது. பர்னருக்குக் காற்று போகும் துளையில் குளவி மண் கூடு கட்டியிருந்தது. குச்சியால் நோண்டினேன். சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் குளவி தன் குஞ்சுக்காகக் கொட்டி முடக்கிப் போட்டிருந்த சிலந்திகள். அடுப்பில் இப்படியென்றால் கண்டுபிடித்துவிடலாம், தீயே காட்டிக் கொடுத்துவிடும். தரையில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டால்தான் ஆபத்து. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அது வெளியேறத்தான் அந்தத் துளைகளை வைத்திருக்கிறார்கள். இப்போது மழைக்கு முன்பே பர்னர் துளைகளை மெல்லிய துணியால் கட்டிவிடுகிறேன். தரைத் துளைகளுக்குக் கொசு வலைக் கம்பி போட்டாயிற்று. ஆனாலும் குனிந்து விரலை விட்டுப் பார்க்காமல் சிலிண்டரை மாட்டுவதில்லை. ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது வீட்டில் செய்வதுதான்.

அடுத்தது மின்சாரம். காரோடு இணைக்கும் ஏழு முனை பிளக்கைப் பிடுங்கினால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புக் காற்றின் கைவரிசை. எர்த் முனையில் களிம்பு ஏறினால் வேடிக்கையாக இருக்கும்: இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மினுக்கும், பிரேக் மிதித்தால் எல்லாம் மங்கும். இதற்காக வயரிங் முழுவதையும் மாற்றச் சொன்ன எலக்ட்ரீஷியனும் உண்டு. உப்புத்தாளைச் சுருட்டி முனைகளைத் தேய்த்து, துடைத்து, கொஞ்சம் வாசலின் தடவினேன், சரியாகிவிட்டது. எலி கடித்த வயரை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். வேப்பிலை பரப்பினால் எலி வராது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் எலி அந்த இலை மேலேயே படுத்துக்கொண்டிருந்தது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். ஈய அமில பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லச் சார்ஜை இழக்கும். சூடு கூடினால் இன்னும் வேகமாக. ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே போனதும் சார்ஜ் போட்டுவிட்டால் பேட்டரி நீண்ட நாள் வரும்.

சக்கரத்துக்கு வருவோம், ஏனென்றால் நடுச்சாலையில் கழுத்தை அறுப்பது இதுதான். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கை இறுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஆட்டம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை, பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றிப் பழைய கிரீஸைப் பார்ப்பது நல்லது. மோர் விட்டாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீரைத் தடுக்கும் சீலோடு சேர்த்து கிரீஸை மாற்றிவிட வேண்டும். செம்மண்டலம் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் இதைச் செய்கிறேன். அங்கே உள்ள வயதான மெக்கானிக் உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை விடமாட்டார். "சார், மேலே பூசுவது பேரிங்குக்கு இல்லை, பார்க்கிறவர் கண்ணுக்கு" என்பார்.

டயரில் பட்டன் தேயவே தேயாது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு ஆண்டு ஆகிப் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கை பிரேக்கைப் போட்டபடி மாதக்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் சக்கரத்துக்குக் கட்டைதான் கொடுக்க வேண்டும். சக்கர நட்டுகளை இறுக்கிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்பினால் அந்தக் கணக்கு சரியாக வந்துவிடும். பெட்ரோல் போட எப்படியும் அங்கே போகிறவர்கள்தானே நாம்! அரியாங்குப்பம் அருகே ஓரமாக நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது கை வைக்க முடியாமலும் இருந்தால் நேரே பட்டறைக்குத்தான்.

தண்ணீர்த் தொட்டி எளிது. லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் கலந்து நிரப்பி, குழாய்களிலும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் வைத்திருந்து, வாடை போகும் வரை அலசினால் முடிந்தது.

கூரை இணைப்புகளில் பழைய சிலிக்கான் மேலேயே புதிய பசையைப் பூசுவது வீண் வேலை. சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது. முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே பூச வேண்டும். உட்சுவர் பிளைவுட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் ஈரம் புகுந்த இடத்தில் சத்தம் மாறும். எங்கள் டிரெய்லரில் மனம் நிறையாத ஒரே பகுதி இந்த பிளைவுட்தான். இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் அலுமினியத் தகட்டுச் சுவரும், துத்தநாகம் பூசிய சட்டமும் உள்ளதைத்தான் எடுப்பேன். பெயிண்ட் மட்டும் அடித்த சட்டத்துக்கு இந்தக் கடற்கரையில் ஆயுள் குறைவு.

முன்னால் விரிக்கும் துணிக் கூரையில் பூஞ்சை பிடித்தால் வினிகரைத் தண்ணீரில் கலந்து தேய்த்து, வெயிலில் காயவிட வேண்டும். பிளீச் போட்டால் தையல் நூல் இற்றுப்போகும். எங்களுடையது ஓரம் கிழிந்திருக்கிறது. கம்பெனித் துணிக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, மஞ்சக்குப்பத்தில் ஷாமியானா தைக்கும் ஒருவரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் பந்தல் வேலை இருக்கிறதாம், அது முடிந்துதான் எங்கள் துணியைத் தொடுவாராம்.