மெட்ரோனோம் ஆப்பா, கைத்தாளமா? மிருதங்கம் பழகுறவங்களுக்கு

பாட்டுக்கு வாசிக்கப் போறதுக்கு முன்னாடி வீட்ல எத வச்சு பழகுறதுன்னு நிறைய பேருக்கு குழப்பம், ஒரே சீரா கிளிக் அடிக்கிற மெட்ரோனோம் ஆப், பக்கத்துல ஒருத்தர் கையால தாளம் போடுறது, இந்த ரெண்டையும் கொஞ்ச நாள் பண்ணிப் பாத்ததுல எனக்குப் பட்டத சொல்றேன்.

செலவு
ஆப்: போன்ல ஃப்ரீயாவே கிடைக்குது.
கைத்தாளம்: காசு வேணாம், ஆனா ஒரு ஆள் வேணும், அவருக்கு காபி வேணும்.

காலப்பிரமாணம் (வேகம் மாறாம நிக்கிறது)
ஆப்: நிமிஷத்துக்கு 60 கிளிக்னு வச்சா 60 தான், ஈவு இரக்கமே கிடையாது. மூணாம் காலம் (முதல் வேகத்தோட நாலு மடங்கு) வந்தாலே நான் தாளத்த முந்தி ஓடுறேன்னு இத போட்டப்ப தான் தெரிஞ்சுது.
கைத்தாளம்: நாம ஓடினா போடுறவரும் கூடவே ஓடிடுவார், ரெண்டு பேருக்கும் தெரியாது.

எடுப்பு
இங்க தான் விஷயமே. வெறும் கிளிக்ல சமம் (தாளம் தொடங்குற இடம்) எங்க, எடுப்பு (பாட்டு தொடங்குற இடம்) எங்கன்னு ஒண்ணும் புரியாது. அரை இடம் தள்ளி எடுக்குற பாட்டுக்கு கோர்வை (கணக்கா வந்து எடுப்புல முடியுற சொற்கோப்பு) வைக்கணும்னா கை விழுறத கண்ணால பாக்கணும், மிஸ்ர சாபுங்கிற ஏழு எண்ணிக்கை தாளத்துல அந்த ஏழும் மூணு நாலுன்னு பிரிஞ்சு விழுந்தா தான் நடை உடம்புல ஏறும். அதோட பாடுறவங்க நிரவல்ல (ஒரே வரிய விதவிதமா பாடுற இடத்துல) லேசா நிதானிச்சா நாமளும் கூட நிக்கணும், நான் தான் கரெக்டுன்னு மல்லுக்கட்டினா கச்சேரி அவ்ளோ தான், இத எந்த ஆப்பும் சொல்லித்தராது.

தனியா சொற்கட்டு (தகதிமி மாதிரி சொற்கள்) சாதகம், வேகம் ஏத்துறதுக்கு ஆப் போதும். பாட்டுக்கு வாசிக்கணும்னா ஆள் தான். ஆள் கிடைக்கலன்னா நீங்களே தாளம் போட்டு கோர்வைய வாயால சொல்லிப் பாருங்க, அப்புறமா மிருதங்கத்த எடுங்க.