ஆப்ட், ஸ்னாப், பிளாட்பேக்: கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்

மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தோட்ட லயத்தில் இருந்துகொண்டு, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் பாவிப்பவருக்கு, மென்பொருள் போடுவது முதலில் டேட்டாக் கணக்கு. மழை பிடித்தால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். ரீலோட் போட்ட காசும் சும்மா வந்ததில்லை. பழைய லெப்டொப்பில் டிஸ்க் இடமும் அளவுதான்.

உபுண்டுவில் மென்பொருள் போடவும் கழற்றவும் ஆப்ட், ஸ்னாப், பிளாட்பேக் என்று மூன்று கருவிகள். போடுவதற்கு மூன்றும் ஒன்றுதான். கட்டளை அடிக்கும் டேர்மினலில் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் சரி. போட்டதைக் கழற்றும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வருகிறது.

ஆப்ட் மூத்தது; உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன் 2.1 உடன் 1999 இல் வந்தது. ஒரு மென்பொருளுக்குத் தேவையான துணைப் பொதிகளும் சேர்ந்து வருவதானால் எத்தனை எம்பி இறங்கும், டிஸ்கில் எவ்வளவு பிடிக்கும் என்று முதலே சொல்லிவிட்டுச் சம்மதம் கேட்கும். பல மென்பொருள்கள் பொதுவாகப் பாவிக்கும் நிரல் துண்டுகளான லைப்ரரிகள் ஏற்கெனவே இருந்தால் அவற்றை மறுபடி இறக்காது. நம்மூருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கழற்றுவதில் ரிமூவ், பேர்ஜ் என்று இரண்டு வழி. ரிமூவ் கொடுத்தால் ஈடிசி (/etc) கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்புகள் அப்படியே கிடக்கும். பேர்ஜ் அவற்றையும் துடைக்கும். உங்கள் ஹோம் கோப்புறையில் அந்த மென்பொருள் எழுதியதை இரண்டுமே தொடாது. துணைக்கு வந்து அநாதையான பொதிகளுக்கு ஆட்டோரிமூவ்.

ஆனால் கழற்றப்போகும் பட்டியலை வாசிக்காமல் சம்மதத்துக்கான Y எழுத்தைத் தட்டக் கூடாது. பைதன் என்ற நிரல்மொழியின் புதுப் பதிப்பு வேண்டுமென்று ஒருநாள் பழையதை ரிமூவ் செய்தேன். அதை நம்பி இருந்த டெஸ்க்டொப்பே சேர்ந்து போய்விட்டது. கறுப்புத் திரையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தம்பி "என்ன சேர், கரண்ட் போயிட்டா?" என்று கேட்டான். ஆப்ட் பட்டியலைக் காட்டித்தான் கேட்டது, நான்தான் வாசிக்கவில்லை. இப்போதெல்லாம் முதலில் சிமுலேட் கொடுத்து ஒத்திகை பார்க்கிறேன்.

ஸ்னாப் வேறு ரகம். தனக்கு வேண்டிய லைப்ரரிகளில் பெரும்பகுதியைத் தானே கட்டிக்கொண்டு வருவதால் பொதி பருமன். புதுப்பிப்பதும் தானாகத்தான், நாம் நிறுத்தி வைக்காவிட்டால் ஒன்லைன் வகுப்பு நடுவிலும் இறக்கத் தொடங்கலாம். ரிஃப்ரெஷ் ஹோல்ட் கொடுத்தால் நிற்கும். கழற்றிய பிறகும் உங்கள் தரவின் பிரதியொன்றை 31 நாள் வைத்திருக்கும். இடம் வேண்டுமென்றால் பேர்ஜ் சேர்த்துக் கழற்றுங்கள். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையில் லூப் என்று தொடங்கும் வரிகள் எல்லாம் நூறு வீதம் நிரம்பியதாகக் காட்டும். பயப்பட வேண்டாம், அவை வாசிக்க மட்டும் முடிந்த சுருக்கிய கோப்புகள். எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். இன்னொன்று, உபுண்டு 22.04 இலிருந்து ஆப்ட் வழியாக ஃபயர்ஃபொக்ஸ் கேட்டாலும் கைக்கு வருவது ஸ்னாப்தான்.

பிளாட்பேக்கில் முதல் மென்பொருள் வலிக்கும். ரன்டைம் என்ற பொது அடித்தளமும் சேர்ந்து இறங்குவதால் சில நூறு எம்பி போய்விடும். அதே ரன்டைமில் ஓடும் அடுத்தது இலேசு. கழற்றினால் ரன்டைம் அங்கேயே தங்கிவிடும். அன்இன்ஸ்டாலோடு அன்யூஸ்ட் கொடுத்தால்தான் போகும்.

என் லெப்டொப்பில் கிடைப்பதெல்லாம் ஆப்ட். புதுப் பதிப்பு கட்டாயம் வேண்டிய ஓரிரண்டுக்கு மட்டும் பிளாட்பேக். ஃபயர்ஃபொக்ஸைத் தவிர ஸ்னாப் கிட்டே போவதில்லை.

ஆப்ட்டை விடாததற்கு இன்னொரு காரணம் பென் டிரைவ். ஹட்டன் டவுனில் நல்ல லைன் உள்ள இடத்தில் உட்கார்ந்து ஆப்ட்-கெட் இன்ஸ்டாலோடு டவுன்லோட்-ஒன்லி சேர்த்துக் கொடுப்பேன். டெப் கோப்புகள், அதாவது ஆப்ட்டின் பொதிகள், கேஷ் கோப்புறையில் சேரும். ஆப்ட்டின் பழைய கட்டளையான ஆப்ட்-கெட் என்றே அடிக்க வேண்டும். வெறும் ஆப்ட் என்றால் நிறுவி முடிந்ததும் அவற்றை அழித்துவிடும். அதே உபுண்டு பதிப்பு ஓடும் தம்பியின் லெப்டொப்புக்குப் பென் டிரைவில் அந்தக் கோப்புகளே போகும். அவனுக்கு ஒரு எம்பிகூடச் செலவில்லை.