ஜோட்டேரோ: ரெஃபரன்ஸ் பட்டியலைக் கையால் அடிப்பவர்களுக்கு ஒரு விமர்சனம்

ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்புகிறவர் இன்னும் ரெஃபரன்ஸ் பட்டியலைக் கையால் டைப் அடித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கே ஜோட்டேரோவை இறக்கிக்கொள்ளுங்கள், பேப்பர் விவரங்களைச் சேர்த்து வைத்துப் பட்டியலை அடுக்கித் தரும் மென்பொருள் அது, காசு கிடையாது. ஆனால் இனி எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பி உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே அதிகம் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

இந்த வேலை ஏன் இவ்வளவு எரிச்சலானது என்று புரிய ஒரு பேப்பரை எடுத்துக்கொள்வோம். சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு, 121ஆம் தொகுதி, 501-502ஆம் பக்கங்கள். பட்டியலை எழுத ஜர்னலுக்கு ஜர்னல் ஒரு ஸ்டைல் உண்டு. ஏபிஏ ஸ்டைல் கேட்கும் ஜர்னலுக்கு 'ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928)' என்று தொடங்க வேண்டும். வான்கூவர் என்றால் இனிஷியலின் புள்ளிகள் எல்லாம் போய் 'ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ்' ஆகிவிடும், ஆண்டு இதழின் பெயருக்குப் பின்னால் போய் உட்காரும். ஐட்ரிபிள்ஈ-க்கு இனிஷியல் முன்னால் வர வேண்டும், தலைப்பு மேற்கோள் குறிக்குள் வர வேண்டும், கட்டுரைக்கு உள்ளே சதுர அடைப்பில் எண் வேண்டும். ஒரே பேப்பர்தான், மூன்று வேஷம். ஒரு ஜர்னல் ரிஜெக்ட் செய்து அடுத்ததற்கு அனுப்பும்போது பட்டியல் முழுவதற்கும் இதைச் செய்ய வேண்டும், அதிலும் எண் ஸ்டைலில் ரிவியூவர் நடுவில் ஒரு பேப்பரைச் சேர்க்கச் சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் அத்தனையும் மாறும். (எல்சவியர் பதிப்பகத்தின் ஜர்னல்கள் பலவற்றில் முதல் முறை அனுப்பும்போது ஒரே சீராக இருந்தால் எந்த ஸ்டைலும் சரி என்கிறார்கள். உங்கள் ஜர்னலின் ஆசிரியர் வழிகாட்டியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி வேலை மிச்சம்.)

ஜோட்டேரோவின் வேர்டு ப்ளக்-இன் இந்தச் சனியனை ஒழித்துவிடுகிறது. டாக்குமெண்ட் ப்ரிஃபரன்சஸில் போய் ஸ்டைலை மாற்றினால் கட்டுரைக்கு உள்ளே இருக்கும் சைட்டேஷன் (எந்தப் பேப்பர் என்று காட்டும் குறிப்பு), கடைசியில் இருக்கும் பட்டியல் இரண்டும் சேர்ந்து மாறும். கிடைக்கும் ஸ்டைல்கள் 10,000க்கு மேல். லிப்ரே ஆஃபிஸிலும் கூகுள் டாக்ஸிலும் வேலை செய்யும், வேர்டுக்குப் பதில் லேடெக்ஸில் எழுதுகிறவர்கள் பெட்டர் பிப்டெக்ஸ் என்ற ப்ளக்-இன்னைப் போட்டுக்கொள்ளலாம். 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷனாகத் தொடங்கியது, இப்போது தனி மென்பொருள், ஓப்பன் சோர்ஸ், பின்னால் இருப்பது லாப நோக்கமில்லாத அமைப்பு. இதே வேலைக்கு இருக்கும் மற்றவற்றில் எண்ட்நோட் காசு கொடுத்து வாங்க வேண்டியது. மெண்டலே இலவசம்தான், ஆனால் 2013இலேயே எல்சவியர் வாங்கிவிட்டது, 2021இல் மொபைல் ஆப்பை நிறுத்தினார்கள். தீசிஸ் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்குத் தெரியும், அதுவரை மூடாமல் இருக்கக்கூடிய இடத்தில் உங்கள் நூலகத்தை, அதாவது சேர்த்து வைத்த பேப்பர் பதிவுகளை, வைப்பதுதான் புத்தி.

சரி, மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். ப்ரௌசரில் கனெக்டர் என்ற ஜோட்டேரோ பட்டனை அழுத்தினாலோ டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு பேப்பருக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒட்டினாலோ ஆசிரியர், தலைப்பு, பக்கம் எல்லாம் வந்து விழும். விழுவது பதிப்பகம் பதிந்து வைத்த விவரங்கள் (மெட்டாடேட்டா), அது சரியாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஜோட்டேரோ அதைத் திருத்தாது, ஸ்டைலுக்கு ஏற்ப அடுக்கித் தரும், அவ்வளவுதான்.

இதில் அதிகம் அடிபடுவது நம் பெயர்கள். பெயருக்கு இரண்டு பெட்டிகள், ஒன்று குடும்பப் பெயருக்கு, இன்னொன்று முதல் பெயருக்கு. நமக்கோ இனிஷியல் ஊரும் அப்பாவும், கடைசியில் நிற்பது சொந்தப் பெயர். யாரோ ஒருவர் கே. எஸ். என்பதைக் குடும்பப் பெயர் பெட்டியில் போட்டுவிட்டால் கிருஷ்ணன் பட்டியலில் 'கே. எஸ்., கே.' என்று வந்து நிற்பார், எந்த ரிவியூவருக்கும் அது யார் என்று தெரியாது. நிறுவனப் பெயரும் இப்படித்தான்: வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷனை இரண்டு பெட்டியில் பிரித்துப் போட்டால் ஏபிஏ-வில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று ஒரு தனி மனிதர் பிறந்துவிடுவார். பெயருக்குப் பக்கத்திலேயே ஒற்றைப் பெட்டியாக மாற்றும் குறி இருக்கிறது, அதை அழுத்துங்கள்.

இன்னொரு தொல்லை, ஒரே ஆசிரியர் ஒரு பதிவில் முழுப் பெயரோடும் இன்னொன்றில் இனிஷியலோடும் வந்திருப்பது. ஜோட்டேரோ அவரை இரண்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு, ஏபிஏ சைட்டேஷனுக்குள் சிலருக்கு மட்டும் இனிஷியலைச் சேர்த்துவிடும். மென்பொருளில் கோளாறு என்று நிறையப் பேர் திட்டுவது இதைத்தான். கோளாறு இல்லை, உங்கள் நூலகத்தில் எல்லாப் பதிவிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் இனிஷியல் போய்விடும்.

தலைப்பின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரமும் உண்டு. நூலகத்துக்குள் எப்போதும் சென்டன்ஸ் கேஸில், அதாவது முதல் சொல்லுக்கும் தனிப்பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து போட்டு, வையுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்து கேட்கும் ஸ்டைலுக்கு அது தானே மாற்றிக்கொள்ளும், தானாகத் திருப்பி மாற்ற அதற்கு வழி தெரியாது. முழுக்கப் பெரிய எழுத்தில் வந்து விழும் பழைய பேப்பர்களுக்குத் தலைப்பின் மேல் ரைட் க்ளிக் செய்தால் சென்டன்ஸ் கேஸாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் வேதியியல் குறியீடு, ஆள் பெயர், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் அப்புறம் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். இதழின் பெயர்ச் சுருக்கமும் அப்படியே: மெட்லைன் (மருத்துவ ஜர்னல்களின் தரவுத்தளம்) சுருக்கத்தைப் பயன்படுத்து என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது, மருத்துவக்காரர்களுக்கு அது போதும், பொறியியல் ஜர்னல்களுக்குச் சுருக்கம் வராவிட்டால் அந்த டிக்கை எடுத்துவிட்டு அந்தப் பதிவில் உரிய பெட்டியை நீங்களே நிரப்ப வேண்டும்.

பிடித்த இரண்டு விஷயம். திரும்பப் பெறப்பட்ட பேப்பர் உங்கள் நூலகத்தில் இருந்தால் ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற கண்காணிப்புத் தளத்தின் தரவை வைத்துச் சிவப்பு எச்சரிக்கை காட்டும், 2019இலிருந்து இந்த வசதி இருக்கிறது. இன்னொன்று இந்தக் காலத்துக்கு ரொம்பத் தேவை: சாட்ஜிபிடி கொடுத்த ரெஃபரன்ஸை நம்பிப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் அந்த டி.ஓ.ஐ.யை ஜோட்டேரோவில் ஒட்டிப் பாருங்கள். இட்டுக்கட்டியதாக இருந்தால் ஒன்று எதுவுமே வராது, இல்லையென்றால் சம்பந்தமே இல்லாத வேறொரு பேப்பர் வந்து நிற்கும்.

பட்டியலை வேர்டில் நேரடியாகக் கை வைத்துத் திருத்தாதீர்கள், அடுத்த ரிஃப்ரெஷில் அழிந்துவிடும், திருத்தம் எதுவானாலும் நூலகத்தில்தான். கைடு எண்ட்நோட்டும் நீங்கள் ஜோட்டேரோவும் வைத்துக்கொண்டு ஒரே ஃபைலில் வேலை செய்ய முடியாது, யாராவது ஒருவர் இறங்கி வந்தாக வேண்டும், யார் இறங்குவார் என்று உங்களுக்கே தெரியும். ஜர்னலுக்கு அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் அன்லிங்க் சைட்டேஷன்ஸ் அழுத்துங்கள். அழுத்திய பிறகு அது வெறும் எழுத்துதான், ரிவிஷன் வந்தால் மூலப் ஃபைல் வேண்டும்.

சேமிப்பிடம் இலவசமாக 300 எம்பி, பிடிஎஃப்கள் சேரச் சேரச் சீக்கிரம் நிரம்பிவிடும். பணம் கட்டத் தேவையில்லை, செட்டிங்கில் ஃபைல் சிங்க்கை மட்டும் அணைத்துவிட்டுப் பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் போதும், ரெஃபரன்ஸ் விவரங்கள் அந்தக் கணக்கில் வராது, அவை எத்தனை ஆயிரம் ஆனாலும் சிங்க் ஆகும். கணினியில் இருக்கும் ஜோட்டேரோ ஃபோல்டரை அவ்வப்போது ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள்.